சென்னையில் ஒரு நாள் மிச்சம்: தெற்கா, மேற்கா, வடக்கா, ஊருக்குள்ளேயா?

கல்யாணத்துக்கோ, மருத்துவமனைக்கோ, விசா வேலைக்கோ சென்னைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளை மிச்சம் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று அவர்கள் கேட்டதும் வீட்டில் நாலு பேர் நாலு ஊர் சொல்வார்கள். ஒருவர் மாமல்லபுரம் என்பார். பெரியவர்கள் காஞ்சிபுரம் என்பார்கள். பிள்ளைகளுக்கு முதலைப் பண்ணை. பேச்சு எதிலும் முடியாவிட்டால் எல்லாரும் மெரினாவுக்குப் போய் சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

பெருமையை வைத்து இந்த இடங்களுக்குள் முடிவெடுக்க முடியாது. எல்லாமே பெருமை உள்ள இடங்கள்தான். நான் பார்த்தவரை அந்த நாள் நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் இரண்டு விஷயத்தில்தான். பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை எங்கே இருக்கப்போகிறீர்கள்? கூட வருகிறவர்களில் நடக்க முடியாதவர் யார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஊர் தானாக முடிவாகிவிடும். டிசம்பர், ஜனவரி தவிர மற்ற மாதங்களில் சென்னை வெயில் யாருக்கும் சலுகை காட்டாது. அந்த ஐந்து மணி நேரத்தைக் கருங்கல் தரையில் கழிக்கிறீர்களா, ஓட்டுக்கூரைக்குக் கீழே கழிக்கிறீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "காஞ்சி, மாமல்லபுரம் இரண்டும் ஒரே நாளில்" என்று டிராவல்ஸ்காரர்கள் விற்கிற பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் இன்னும் 65. திரும்பி வர 55, 60. ஆக மொத்தம் 200 கிலோமீட்டர். நெரிசலையும் சேர்த்தால் ஐந்தாறு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். காஞ்சியில் மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். மாமல்லபுரத்தில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடங்கள் மாலை 6 மணிக்கு மூடிவிடும். எனவே காஞ்சியை அவசரமாக முடித்து, மாமல்லபுரத்தை அதைவிட அவசரமாக முடிக்க வேண்டும். காலையில் மாமல்லபுரம், மாலையில் காஞ்சி என்று திருப்பிப் போடலாம்தான். ஆனால் கைலாசநாதர் கோயில் சிற்பங்களைப் பார்க்க வெளிச்சம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு முறை வருகிற விருந்தாளி, மறுபடி வரவே போவதில்லை என்றால் சரி, இரண்டையும் காட்டுங்கள். மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு திசை போதும்.

தெற்கே: மாமல்லபுரமும் வழியில் உள்ளவையும்

நடக்கக் கூடிய ஆட்கள், அதிகாலையில் எழுந்திருக்கக் கூடிய ஆட்கள் என்றால் என் முதல் தேர்வு இதுதான். இந்தப் பட்டியலில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் இருக்கிற ஒரே ஊர் இது. 1984ஆம் ஆண்டே அந்த அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதற்காக மட்டும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிற பழக்கம் இல்லாதவர்கள், வேறு மதத்தவர்கள், வரலாறு என்றால் கொட்டாவி விடுகிற பதின்வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகிற சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. யாரும் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு அர்ச்சுனன் தபசு. ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குப் பாறை முழுக்கத் தேவர்கள், முனிவர்கள், வேடர்கள், விலங்குகள். நடுவில் இயற்கையாகவே ஒரு பிளவு. அதில் நாகர்கள் மேலே நீந்திப் போகிறார்கள். மேலே இருந்து தண்ணீர் விட்டு அந்தப் பிளவையே ஓர் அருவியாக்கியிருப்பார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது அர்ச்சுனன் தவம் அல்ல, கங்கையைக் கொண்டுவரப் பகீரதன் செய்த தவம். எலும்பும் தோலுமாக ஒற்றைக் காலில் நிற்கிற அந்த மனிதர் யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கீழே, பெரிய யானைக்குப் பக்கத்தில் பாருங்கள். ஒரு பூனையும் அதே மாதிரி கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் பயமில்லாமல் விளையாடுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் அரசன் செலவில் செதுக்கிய பாறையில் போலிச் சாமியாரைக் கிண்டல் செய்திருக்கிறான் ஒரு சிற்பி. குழந்தைகளிடம் "பூனையைக் கண்டுபிடி" என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள், பதினைந்து நிமிடம் ஓடிவிடும்.

பெரும்பாலானவர்கள் தவறவிடுவது பின்னால் உள்ள குன்று. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் வந்து எருமைத் தலையனோடு போரிடுகிற துர்க்கை. எதிர்ச் சுவரில் பாம்பணையில் உறங்குகிற திருமால். ஒரு சுவரில் அத்தனை ஆர்ப்பாட்டம், எதிர்ச் சுவரில் அத்தனை அமைதி. கடற்கரைக் கோயிலைவிட இந்தச் சின்ன மண்டபம்தான் எனக்குப் பிடித்தது. பலர் இதை விட்டுவிட்டுக் கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். சரிவில் உருண்டுவிடும்போல நிற்கிற அந்தப் பாறையைக் கையால் தாங்குவது மாதிரிப் புகைப்படம் எடுக்காமல் ஊர் திரும்பக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது போலும்.

ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. பெயர் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே பாறைத் தொடரை மேலிருந்து கீழாகக் குடைந்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வடிவக் கோயிலாக ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள். திரௌபதி ரதம் ஒரு குடிசை மாதிரி. நகுல சகாதேவ ரதம் தூங்கானை மாடம். பின்பக்கம் யானையின் முதுகுபோல வளைந்திருக்கும் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல் யானையையும் நிறுத்தி, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். எதுவும் முழுதாக முடியவில்லை. தருமராஜ ரதத்தின் மேல்தளங்கள் முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம் அரைகுறையாக நிற்கிறது. கோயிலை எப்படிக் குடைந்தார்கள் என்பது அந்த அரைகுறையில்தான் தெரிகிறது.

கடற்கரைக் கோயில் இதற்கெல்லாம் பிற்பட்டது. ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்லை அடுக்கிக் கட்டியது. இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். உப்புக் காற்று சிற்பங்களின் முகத்தையெல்லாம் தின்றுவிட்டது. கிட்டே போய் நுணுக்கம் தேடினால் ஏமாற்றம்தான் வரும். காலை 6 மணிக்குத் திறந்தவுடன் கிழக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அங்கே வாங்குகிற டிக்கெட்டையே ஐந்து ரதங்களிலும் காட்டலாம், தொலைத்துவிடாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது.

மாமல்லபுரத்தின் குறை ஒன்றே ஒன்று: நிழல். பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். ஐந்து ரதங்களில் மணல், குன்றின் மேல் படிகள், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர். முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் இதை முழு நாள் பயணமாக நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்தரைக்குள் முடித்துவிடலாம். மதியத்துக்கான இடங்கள் திரும்பி வருகிற வழியில் வரிசையாக இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையின் பெரிய வசதி அதுதான். மேற்கேயும் வடக்கேயும் இது கிடையாது.

முதலில் வருவது வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் குடும்பத்தினரும் தொடங்கியது. மரங்கள் அடர்ந்த இடம் என்பதால் பதினொரு மணி வெயில் அவ்வளவாகத் தெரியாது. முதலைகள் அசைவதில்லை என்று பிள்ளைகள் குறைப்பட்டுக்கொள்ளும். அது முதலைகளின் தவறல்ல. இங்கே என்னைக் கவர்ந்தது பாம்பு விஷம் எடுக்கும் கூடம். பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த இருளர்கள், தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபிறகு, 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசிக்குப் பின்னால் இந்த மனிதர்களின் கை இருக்கிறது.

அடுத்தது முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளில் இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். 1996இல் திறந்தது. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையிலோ கேரள வீட்டு மர முற்றத்திலோ உட்கார்ந்தால் மதியம் இரண்டு மணியா என்று சந்தேகம் வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீட்டை எப்படிக் குளிரவைத்தார்கள் என்பதை யாரும் சொல்லாமலே உடம்பு கற்றுக்கொள்ளும். வயதானவர்களுக்கு இது அருங்காட்சியகம்கூட இல்லை. "எங்க பாட்டி வீட்டில் இப்படித்தான் குதிர் இருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள், அதற்குப்பிறகு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். டிக்கெட் விலை கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நிழலுக்கும் சுத்தமான கழிப்பறைக்கும் சேர்த்து என்று வைத்துக்கொண்டால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

முதலைப் பண்ணையா வண்டலூரா என்று கேட்பவர்கள் உண்டு. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிசாலை என்று 1855இல் சென்னை நகரத்தில் தொடங்கியதன் வாரிசு அது. புலியும் சிங்கமும் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் வண்டலூர்தான், ஆனால் அது ஒரு நாளை முழுதாக விழுங்கிவிடும். மாமல்லபுரத்தோடு சேர்த்துத் திட்டம் போட முடியாது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் முதலைப் பண்ணை போதும். அங்கே குழந்தை களைப்பதற்குள் இடம் முடிந்துவிடும்.

மேற்கே: காஞ்சிபுரம்

பெரியவர்கள் கூட வந்தால், வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால், அல்லது சாமி கும்பிடுவதுதான் பயணத்தின் நோக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், காஞ்சிதான். சிற்பம் பார்க்கப் போகிறவர்களும் போகலாம், ஆனால் அவர்கள் வேறு வரிசையில் போக வேண்டும்.

எல்லாரும் காமாட்சி அம்மன், ஏகாம்பரநாதர், வரதராஜப் பெருமாள் என்று ஆரம்பிப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மூன்றாவது கோயில் வாசலில் நிற்கும்போது கதவு சாத்தியிருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். கைலாசநாதர் கோயில் ஊருக்கு மேற்கு ஓரத்தில் இருப்பதால் "நேரம் இருந்தால் பார்க்கலாம்" என்று கடைசிக்குப் போய், நேரம் இல்லாமல் விட்டும்போகும். நான் முதலில் போகச் சொல்வது அங்கேதான்.

கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன் கட்டியது இதுவும். கடல் காற்று இல்லாததால் அங்கே அழிந்துபோனது என்னவென்று இங்கே தெரியும். மணற்கல் கோயில், அடித்தளம் மட்டும் கருங்கல். சுற்றுச்சுவரை ஒட்டி ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன சன்னதிகள். சிலவற்றில் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய ஓவியங்களின் மிச்சம், ஒரு கண், ஒரு கை, கொஞ்சம் சிவப்பு. கருவறையைச் சுற்றி வருவதற்கு ஒரு குறுகலான சந்து, குனிந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வர வேண்டும், அப்படி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. உடல் பருத்தவர்கள் மறுபிறவியை ஏற்றுக்கொள்வதே நல்லது.

இந்தக் கோயிலில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று உள்ளே நுழைந்தான், கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், கொள்ளையடிக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அது சொல்கிறது. பகைவன் வெட்டிய கல்வெட்டைப் பிறகு வந்த பல்லவர்களும் அழிக்கவில்லை. பின்னாளில் ராஜராஜ சோழன் இதைப் பெரிய திருக்கற்றளி என்று குறிப்பிட்டிருக்கிறான். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் வாயிலிருந்து வந்த 'பெரிய' இது.

அங்கிருந்து வைகுண்டப் பெருமாள் கோயில். இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. பெருமாள் மூன்று தளங்களில் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தருகிறார் என்பது பக்தர்களுக்கு. சுற்று மண்டபச் சுவரில் பல்லவ வம்சத்தின் கதையே வரிசையாகச் செதுக்கியிருக்கிறது, அது மற்றவர்களுக்கு. வாரிசு இல்லாமல் போனபோது தூரத்திலிருந்து ஒரு சிறுவனைக் கூட்டிவந்து முடிசூட்டினார்களே, அந்த நந்திவர்மனின் கதையும் அதில் இருக்கிறது. இந்த இரண்டு கோயில்களிலும் கூட்டம் கம்மி. இரண்டையும் முடித்துவிட்டு, நடை சாத்துவதற்குள் ஏகாம்பரநாதரையோ வரதராஜரையோ ஒன்றைப் பாருங்கள், மற்றதை சாயங்காலத்துக்கு வையுங்கள்.

வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் இருக்கிற அத்தி வரதர் 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே வருவார். 2019இல் 48 நாள் தரிசனத்தின்போது ஊரே திணறியது. அடுத்தது 2059. அதுவரை பொறுமை உள்ளவர்கள் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் தொங்குகிற கல் சங்கிலியைப் பார்த்துக்கொள்ளலாம்.

மதியப் பிரச்சினையை காஞ்சி தன் பாணியில் தீர்க்கிறது. சாப்பாடு, பிறகு புடவைக் கடை. பெண்கள் இருக்கிற குழு என்றால் நான்கு மணி எப்போது ஆனது என்றே தெரியாது. ஆண்களுக்குத்தான் சோதனை. ஒரே ஓர் எச்சரிக்கை: "நெசவாளர் வீட்டிலேயே மலிவா எடுத்துத் தரேன்" என்று ஆட்டோக்காரரோ வழியில் பார்க்கிற ஒருவரோ கூப்பிட்டால், அவருக்கான கமிஷன் உங்கள் புடவை விலையில்தான் இருக்கும். கூட்டுறவுச் சங்கக் கடைகள் இருக்கின்றன. ரகம் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், விலை நேராக இருக்கும். கோர்வைப் புடவை என்று சொன்னால் கரையையும் உடலையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனித் தறிநாடாவில் ஓட்டிக் கோர்த்திருக்கிற இடம் ரம்பப் பல்லாகக் கையில் தட்டும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிக்குச் சொந்தமானது அந்தக் கோர்க்கிற கைதான்.

காஞ்சிபுரம் இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை வைத்த நீளமான மூங்கில் குடலையில் வேகவைத்து வரதராஜர் கோயிலில் நைவேத்தியமாகச் செய்வதுதான் அசல். ஹோட்டலில் அந்தப் பெயரில் டம்ளர் வடிவத்தில் வருவது பெரும்பாலும் சாதாரண இட்லி மாவில் தாளித்துக் கொட்டியது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு சாப்பிட்டால் அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

போக்குவரத்தில் காஞ்சிக்குக் கொஞ்சம் பின்னடைவு. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் வரை லாரிகளோடு போட்டி போட வேண்டும். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு சுற்றிக்கொண்டு புறநகர் ரயில் போகிறது. டிக்கெட் மிகவும் மலிவு, ஆனால் மெதுவாகத்தான் போகும், நாள் முழுக்க அடிக்கடியும் கிடையாது. ராமானுஜர் பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயிலையும் பார்க்க விரும்பினால் கார்தான் சரிப்படும்.

ஊருக்குள்ளேயே இருந்துவிடலாமா?

வெளியூர்க்காரர்கள் "சென்னையில் பார்க்க என்ன இருக்கு" என்று கேட்கும்போது சென்னைவாசிகளே தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களிலும், நவம்பர் மழையிலும் எனக்கு ஊருக்குள் இருப்பதுதான் முதல் தேர்வு. காரணம் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. அங்கே உள்ள வெண்கலக் கூடத்துக்கு இணையான சோழச் செப்புத் திருமேனித் தொகுப்பு உலகத்தில் மிகக் குறைவு. திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிற கூடத்தில் பெரும்பாலான நாட்களில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடன் சென்னை அருங்காட்சியக நடராசரின் புகைப்படங்களை மட்டுமே பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினார். நாம் மெட்ரோவில் போய் இறங்கி நேராகவே பார்க்கலாம். அமராவதி பௌத்தச் சிற்பங்களில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, இன்னொரு பெரும் பகுதி இங்கேதான் இருக்கிறது. மற்ற பிரிவுகள் பழைய காலத்துப் பராமரிப்பில் கொஞ்சம் தூங்கி வழியும். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம், வெண்கலமும் அமராவதியும் போதும்.

காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், மாட வீதியில் டிபன், நடந்தே சாந்தோம் தேவாலயம், பதினொன்றுக்கு எழும்பூர், சாயங்காலம் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில், அப்புறம் மெரினா. கார் இல்லாமல், குறைந்த செலவில், பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு முடிக்கக்கூடிய நாள் இது. பறக்கும் ரயிலும் ஆட்டோவும் போதும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் மயிலாப்பூர்ப் பக்கம் தெருக்களைத் திருப்பிவிட்டிருப்பார்கள், காருக்குத்தான் அது தலைவலி. மெரினாவில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அலை இழுத்துக்கொள்ளும், ஆண்டுதோறும் உயிர் போகிறது.

புனித ஜார்ஜ் கோட்டை வரலாற்று ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். 1680இல் கட்டிய புனித மேரி தேவாலயம் உள்ளே இருக்கிறது, ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்தது அங்கேதான். ஆனால் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அதே வளாகம் என்பதால் சோதனை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. பேரவை நடக்கிற நாட்களில் போகாதீர்கள்.

வடக்கே, யாரும் போகாத பக்கம்

பழவேற்காட்டை நான் எல்லாருக்கும் சொல்வதில்லை. கழிப்பறை, நல்ல ஹோட்டல், வழிகாட்டிப் பலகை எதையும் எதிர்பார்க்க முடியாது. பொன்னேரி தாண்டிப் போகிற பாதையில் நகரம் பின்னால் விலகி, உப்பங்கழி விரிந்து வரும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சென்னை என்ற நகரம் உருவாவதற்கு முன்பே இது பெரிய துறைமுகம். கோட்டை இப்போது வெறும் மேடு. மிச்சம் இருப்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே கருங்கல் பலகைகளில் கப்பல்களும் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் கூர்மை குறையாமல் இருக்கின்றன. கேட் பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரித்தால் திறந்துவிடுவார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். கேமரா வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே மாமல்லபுரமும் காஞ்சியும் பார்த்து முடித்தவர்கள், இவர்களுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பிடிக்கும்.

படகு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் நின்று "ஐந்நூறு ரூபாய்க்கு முகத்துவாரம் வரை கூட்டிட்டுப் போறேன்" என்று யார் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பறவைதான் நோக்கம் என்றால், வடக்கே வேண்டாம், தெற்கே உள்ள வேடந்தாங்கல் எளிது. நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, அதுவும் ஏரியில் தண்ணீர் நிறைந்த ஆண்டுகளில் மட்டும். 1798லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்மக்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்த ஏரி அது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த விவசாயிகளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. மற்ற மாதங்களில் போனால் வெறும் மரங்களைத்தான் பார்ப்பீர்கள்.

புதுச்சேரியையும் சிலர் ஒரு நாள் பயணத்தில் சேர்க்கிறார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். இரவு தங்க முடியாவிட்டால் அதை இந்தக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கடைசியாகக் கிழமை. இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிற குடும்பங்கள் ஏராளம். முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தட்சிணசித்ராவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் திரும்புவது தண்டனை, மூன்று மணிக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலில் கூட்டம் நெரியும், பிரதோஷ நாட்களில் சிவன் கோயில்களிலும் அப்படித்தான். உங்கள் விருந்தாளிக்கு மிஞ்சியிருப்பது ஒரு வெள்ளிக்கிழமை என்றால் மாமல்லபுரம், தட்சிணசித்ரா. செவ்வாய் என்றால் காஞ்சி, அல்லது மயிலாப்பூரும் எழும்பூரும். புதன், வியாழன் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வண்டியைத் திருப்பலாம்.